வேகமானிக் கம்பி ஏன் முனகுகிறது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளையில், ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் மகளைப் பள்ளியிலிருந்து காரில் அழைத்து வந்துகொண்டிருந்தேன். கார் பழையது. அதன் முகப்புப் பலகைக்குப் பின்னாலிருந்து 'டிக் டிக் டிக்' என்று ஓர் ஓசை சில மாதங்களாகவே வந்துகொண்டிருந்தது. வேகம் கூடினால் அந்த ஓசை 'டகடக'வென்று விரைவுபடும். சில நேரங்களில் பூனை கத்துவது போல் கீச்சிடும். அத்துடன் வேகமானியின் ஊசி 30-க்கும் 50-க்கும் நடுவே ஊஞ்சலாடிக்கொண்டிருக்கும். எனக்கு அது பழகிப் போயிருந்தது.

"சித்தப்பா, இப்போது நாம் உண்மையில் எவ்வளவு வேகத்தில் போகிறோம்?" என்று அவள் கேட்டாள்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அப்போது நாங்கள் இன்னொரு பள்ளியின் வாசலைக் கடந்துகொண்டிருந்தோம். பிள்ளைகள் சாலையைக் கடக்கக் காத்து நின்றனர்.

30-க்கும் 50-க்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. மணிக்கு 30 கி.மீ. என்பது நொடிக்கு 8.3 மீட்டர், 50 கி.மீ. என்பது நொடிக்கு 13.9 மீட்டர். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகிறது என்று கொள்வோம். உலர்ந்த சாலையில் நல்ல பிரேக் நொடிக்கு நொடி 7 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கும் என்றும் கொள்வோம். கணக்கிட்டுப் பாருங்கள்: 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும், 50 கி.மீ. வேகத்தில் வருவதோ நிற்பதற்குச் சுமார் 28 மீட்டர் எடுத்துக்கொள்ளும். இடையிலுள்ள 15 மீட்டரில் ஒரு பிள்ளை நின்றிருக்கக் கூடும். வேகமானியின் ஓசை வெறும் தொல்லை அன்று என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

அந்த ஓசையின் காரணத்தைத் தேடப் போனபோது, நான் வகுப்பில் கற்பிக்கும் பாடங்கள் பலவும் ஒரு மெல்லிய எஃகுக் கம்பிக்குள் அடங்கியிருக்கக் கண்டேன். அதை உங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

காந்தமும் அலுமினியக் கிண்ணமும்

இன்றைய புதிய கார்களில் மின்னணு உணரிகளே வேகத்தை அளக்கின்றன. ஆனால் அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய கார்களிலும், பல ஸ்கூட்டர்களிலும் அந்த வேலையைச் செய்வது சுழலும் கம்பி ஒன்றேயாகும். அம்பாசடர் காரின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது என்றாலும், பேணிக் காக்கப்படும் அத்தகைய கார்களை இன்றும் நம் ஊர்ச் சாலைகளில் காணலாம்.

காரின் கியர் பெட்டியிலிருந்து சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டின் மேல் திருகு போன்ற ஒரு பல்லமைப்பு உண்டு. அது ஒரு சிறு பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அப்பற்சக்கரத்தில் செருகப்பட்டுள்ள நீண்ட கம்பி, வளைந்து நெளிந்து மேலேறி, முகப்புப் பலகையில் உள்ள வேகமானியை அடைகிறது. கம்பியின் மறுமுனை அங்கே ஒரு சிறு நிலைக் காந்தத்தைச் சுழற்றுகிறது.

காந்தத்தைச் சூழ்ந்து அதைத் தொடாமல் ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கிறது. ஊசி பொருத்தப்பட்டிருப்பது இக்கிண்ணத்தின் அச்சில்தான். காந்தம் அலுமினியத்தை ஈர்க்காது என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியானால் காந்தம் சுழலும்போது கிண்ணம் ஏன் திரும்ப வேண்டும்?

இக்கேள்வி அறிவியல் வரலாற்றில் புகழ்பெற்றது. 1824-இல் பிரெஞ்சு அறிஞர் அராகோ, சுழலும் செப்புத் தகட்டின் மேல் தொங்கவிட்ட காந்த ஊசியும் தகட்டைத் தொடர்ந்து சுழல்வதைக் கண்டு வியந்தார். செம்பும் காந்தத்தால் ஈர்க்கப்படாத உலோகமே. அதற்கான விளக்கம், 1831-இல் மைக்கேல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த பிறகே கிடைத்தது. காந்தப்புலம் மாறும்போது அதிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டங்கள் தோன்றுகின்றன. அவை தம்மைத் தோற்றுவித்த மாற்றத்தை எதிர்க்கும் திசையிலேயே அமைகின்றன. நம் கிண்ணத்தைப் பொறுத்தவரை மாற்றம் என்பது காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் உள்ள வேக வேறுபாடு. அதைக் குறைக்கும் பொருட்டுக் கிண்ணம் காந்தத்தின் பின்னே இழுக்கப்படுகிறது.

கிண்ணம் முழுச் சுற்றுச் சுற்றிவிடாமல் மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் அதைத் தடுக்கிறது. காந்தத்தின் வேகம் இரு மடங்கானால் கிண்ணத்தின் மேலுள்ள முறுக்கு விசையும் இரு மடங்காகும். சுருள்வில்லின் எதிர் முறுக்கு விசையோ அது திரும்பிய கோணத்துக்கு நேர்த்தகவில் இருக்கும். ஆகவே வேகம் இரு மடங்கானால் ஊசி நகரும் கோணமும் இரு மடங்காகும். முகப்பில் எண்களைச் சம இடைவெளியில் குறிக்க முடிவது இதனால்தான். இந்த முறையில் இயங்கும் வேகமானிக்கு 1902-இல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்றவர் ஓட்டோ ஷுல்ட்ஸே என்பவர்.

கம்பி எத்தனை சுற்றுச் சுற்றுகிறது?

ஒரு மைல் தொலைவுக்குக் கம்பி 1000 சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது அமெரிக்கக் கார்களில் பரவலாகக் கையாளப்பட்ட அளவு. பிற கார்களில் இந்த எண் சற்றுக் கூடக் குறைய இருக்கலாம். நாம் கணக்குக்காக இதையே எடுத்துக்கொள்வோம். ஒரு மைல் 1.609 கி.மீ. ஆதலால், ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 620 சுற்றுகள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சென்றால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். அதாவது நிமிடத்துக்கு 620 சுற்றுகள், நொடிக்கு ஏறத்தாழப் பத்து. கம்பி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை உறையைத் தட்டினால், நொடிக்குப் பத்து 'டிக்' ஓசைகள் கேட்கும். வேகம் 30 கி.மீ. ஆனால் ஐந்து. நான் கேட்ட ஓசை வேகத்துடன் கூடிக் குறைந்ததன் காரணம் இதுவே.

வளையும், ஆனால் முறுக்கிக்கொள்ளாது

வேகமானிக் கம்பி ஒரே இழையால் ஆனது அன்று. மெல்லிய எஃகு இழைகளை ஓர் அடுக்கு வலமாகவும், அதன் மேல் அடுத்த அடுக்கு இடமாகவும், இப்படி மாறி மாறி நெருக்கமாகச் சுற்றி அதைச் செய்கிறார்கள். கம்பியை முறுக்கும்போது ஓர் அடுக்கு இறுகப் பார்க்கும். அடுத்தது தளரப் பார்க்கும். இரண்டும் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே இக்கம்பி எளிதில் வளையும், எளிதில் முறுக்கிக்கொள்ளாது. இதன் இரு முனைகளும் சதுர வடிவில் அழுத்தப்பட்டிருக்கும். கம்பியைச் சுற்றி, சுழலாமல் நிற்கும் ஓர் உறைக்குழாய் உண்டு.

இங்கே ஓர் ஐயம் எழலாம். வளைந்த குழாய்க்குள் ஒரு கம்பி எப்படித் தடையின்றிச் சுழல முடியும்? கம்பி நேரானதாக இருந்தால் முடியும். நேரான கம்பியை வலப்பக்கம் வளைப்பதற்கும், இடப்பக்கமோ மேலோ கீழோ வளைப்பதற்கும் ஒரே அளவு ஆற்றல்தான் தேவை. ஆகவே குழாய்க்குள் அது எந்த நிலையிலும் நிற்க ஒப்பும். எந்த நிலையிலிருந்தும் அடுத்த நிலைக்கு எளிதில் செல்லும்.

கம்பியில் ஏற்கெனவே ஒரு நிலையான மடிப்பு விழுந்திருந்தால் கதை வேறு. மடிப்பின் திசையும் குழாயின் வளைவுத் திசையும் ஒன்றாக இருக்கும்போது கம்பி அமைதியாக இருக்கும். அங்கிருந்து அதைத் திருப்ப முயன்றால் அது முரண்டு பிடிக்கும். ஒரு முனை திரும்பிக்கொண்டே போக, மறுமுனை பின்தங்கும். இடையில் கம்பி முறுக்கேறும். அரைச் சுற்றைத் தாண்டியதும் தேங்கிய ஆற்றல் முழுவதும் விடுபட, மறுமுனை விருட்டென்று முன்னே பாயும். சுமையேற்றிய சைக்கிளை வேகத்தடை மேல் தள்ளுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது மெல்ல நகரும். உச்சியைத் தாண்டியதும் நம் கையை மீறி ஓடும். அப்படிப் பாயும்போது கம்பி உறையில் மோதுகிறது, அதுவே 'டிக்'. பின்தங்கும்போதும் பாயும்போதும் காந்தத்தின் வேகம் மாறுகிறது. அதுவே ஊசியின் ஆட்டம். ஓசையும் ஆட்டமும் ஒரே நோயின் இரு அறிகுறிகள்.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. பின்தங்கிய கோணத்தைக் கம்பி ஒவ்வொரு சுற்றிலும் ஈடுகட்டிவிடுகிறது. கீழ்முனை நூறு சுற்றுச் சுற்றினால் மேல்முனையும் நூறு சுற்றே சுற்றும். எனவே அதே கம்பியால் இயங்கும் கிலோமீட்டர் எண்ணி சரியான தொலைவையே காட்டும். தொலைவு சரி, வேகம் தவறு. என் காரில் கிலோமீட்டர் கணக்குச் சரியாக இருந்ததை வைத்து, மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது என்று நான் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

கீச்சொலி எங்கிருந்து வந்தது?

அதற்குக் காரணம் வேறு. உறைக்குள் இருக்கும் கிரீஸ் நாளடைவில் உலர்ந்து, தூசியுடன் கலந்து பிசினாகிவிடுகிறது. ஓய்வுநிலை உராய்வு இயக்க உராய்வைவிடப் பெரிது என்று படித்திருப்பீர்கள். தேர்த் திருவிழாவில் இதைக் கண்ணால் காணலாம். எல்லாரும் வடத்தைப் பிடித்து இழுப்பார்கள், வடம் விறைக்கும், தேர் அசையாது. பிறகு திடீரென்று ஒரு குலுக்கலுடன் புறப்படும். வடம் தளர்ந்தால் மறுபடியும் நிற்கும்.

உலர்ந்த கம்பியும் அப்படியே ஒட்டி நின்று, முறுக்கேறி, பிறகு வழுக்குகிறது. இது நொடிக்குப் பல நூறு தடவை நிகழும்போது கீச்சொலியாகக் கேட்கிறது. கரும்பலகையில் சாக்கட்டி கீச்சிடுவதும், வில் உரசும்போது வயலின் தந்தி இசைப்பதும் இதே முறையில்தான்.

நான் செய்த தவறு

காரணம் உராய்வு என்று எண்ணியதும், இயற்பியல் ஆசிரியன் என்ற துணிவில் நானே கம்பியை உருவி, முனையிலிருந்து முனைவரை கிரீஸைத் தாராளமாக அப்பி மாட்டினேன். ஓசை அடங்கியது. ஒரு வாரம் மகிழ்ச்சியாக இருந்தேன். பிறகு 'டிக் டிக்' மீண்டும் தொடங்கியது. அதைவிட மோசமாக, காரை நிறுத்திய பின்னும் ஊசி 20-ஐ விட்டு இறங்க மறுத்தது.

எங்கள் தெருக் கோடியில் பட்டறை வைத்திருந்த முதிய மெக்கானிக்கிடம் சென்றேன். அவர் மீட்டரைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சார், கம்பி மேலே இழை இழையாய்ச் சுற்றியிருக்கிறதே, அது சும்மா இருக்குமா? சுற்றச் சுற்றக் கிரீஸை மேலே ஏற்றிக்கொண்டு வந்துவிடும். மேல்பக்கம் ஒரு சாண் காய்ந்தே இருக்க வேண்டும்" என்றார். ஆர்க்கிமிடீஸ் திருகு நீரை மேலேற்றும் விதத்தைப் பல ஆண்டுகள் வகுப்பில் விளக்கியவன் நான்!

பிறகு அவர் கம்பியின் இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்து, நடுப்பகுதியை ஊஞ்சல் போலத் தொங்கவிட்டார். ஒரு முனையை விரல்களால் மெல்ல உருட்டினார். மறுமுனை சிறிது நேரம் சும்மா இருந்து, பின் துள்ளித் திரும்பியது. "மடிப்பு விழுந்திருக்கிறது. இதற்குக் கிரீஸ் மருந்து இல்லை, சார். கம்பியைத்தான் மாற்ற வேண்டும்" என்றார். என் காரில் உலர்வு, மடிப்பு ஆகிய இரண்டு குறைகளும் இருந்திருக்கின்றன. நான் ஒன்றுக்கு மட்டும், அதுவும் தவறான அளவில், மருந்திட்டிருக்கிறேன்.

முதலில் கண்டறிதல், பிறகு பழுதுபார்த்தல்

உங்கள் வீட்டில் இத்தகைய வண்டி இருந்தால், பெரியவர்களின் துணையுடன் பின்வரும் வரிசையில் ஆராயலாம்.

1. ஓசை எஞ்சினிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். ஒரே வேகத்தில் இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் ஓட்டச் சொல்லுங்கள். எஞ்சினின் சுழற்சி மாறும். கம்பியின் சுழற்சி மாறாது. 'டிக்' ஓசையின் விரைவு மாறவில்லை என்றால் எஞ்சின் குற்றவாளி அன்று.

2. போக்குவரத்து இல்லாத திடலில், கம்பியை மீட்டரிலிருந்து மட்டும் கழற்றி, மின்கம்பிகளில் படாதவாறு கட்டிவைத்து, மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். இப்போது கம்பி சுழலும், மீட்டர் சுழலாது. ஓசை நின்றுவிட்டால் குறை பெரும்பாலும் மீட்டருக்குள். தொடர்ந்தால் மீட்டரில் குறை இல்லை. அடுத்து மெக்கானிக்கைக் கொண்டு கியர் பெட்டியருகிலும் கழற்றிப் பாருங்கள். அப்போது ஓசை நின்றால் குறை கம்பியில்தான். அப்போதும் நிற்கவில்லை என்றால் சக்கரத்தையும் டயரையும் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதுதான் ஆய்வுக்கூடத்திலும் நாம் பின்பற்றும் முறை.

3. கம்பியை உருவிப் பாருங்கள். முகப்புப் பலகைக்குப் பின் கைவிடுமுன் பேட்டரி இணைப்பை நீக்கிவிட வேண்டும். பல கார்களில் மேல்முனைத் திருகைக் கழற்றினாலே உள்கம்பியை உருவிவிடலாம். வராவிட்டால் காரின் அடியில் நீங்கள் புக வேண்டாம். அது மெக்கானிக்கின் வேலை.

4. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, மேலே சொன்ன ஊஞ்சல் சோதனையைச் செய்யுங்கள். சமதள மேசையின் மேல் உருட்டினாலும் மடிப்புள்ள இடம் துள்ளும். மடிப்போ அறுந்த இழையோ தென்பட்டால் புதுக் கம்பி போடுவதே சரி. இல்லையென்றால் மென்மையான கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும். மீட்டர் பக்கம் சுமார் 15 செ.மீ. பூசாமல் விடுங்கள்.

5. உறைக்குழாய் செல்லும் வழியைப் பாருங்கள். எங்காவது முழங்கை போல மடங்கியிருந்தால், புதுக் கம்பியும் விரைவில் மடிந்துவிடும். வளைவின் ஆரம் 15 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

கார் இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட பிரேக் கம்பி ஒன்றை வாங்கி, மடிப்பில்லாத பகுதியாக அரை மீட்டர் அளவு வெட்டித் தரச் சொல்லுங்கள். மீன் தொட்டிக்குக் காற்றுச் செலுத்தும் நெகிழிக் குழாயில் அதைச் செருகுங்கள். கம்பியின் இரு முனைகளிலும் சிறு காகிதக் கொடிகளை ஒட்டுங்கள். குழாயை அரைவட்டமாக வளைத்துப் பிடித்துக்கொண்டு, இழைகள் இறுகும் திசையில் ஒரு முனையைச் சுற்றுங்கள். இரு கொடிகளும் ஏறத்தாழ ஒன்றாகவே திரும்பும்.

பிறகு கம்பியை உருவி, நடுவில் இடுக்கியால் ஒரு மடிப்பு உண்டாக்கி, மீண்டும் செருகிச் சுற்றுங்கள். மறுமுனைக் கொடி தயங்கித் தயங்கித் துள்ளும். பத்துச் சுற்றுச் சுற்றி எண்ணிப் பாருங்கள். அங்கும் பத்தே இருக்கும். குழாயை நேராக்கிவிட்டுச் சுற்றினால் என்ன ஆகிறது? ஏன்? விடையை நீங்களே எழுதுங்கள்.

புதுக் கம்பி போட்டு, உறையையும் சற்றுத் தளர்வாக வளைத்துக் கட்டிய பிறகு என் காரின் ஊசி ஆடவில்லை. அடுத்த வாரம் அதே பள்ளி வாசலைக் கடந்தபோது அண்ணன் மகள் எட்டி ஊசியைப் பார்த்தாள். "முப்பது, சித்தப்பா" என்றாள். பிறகு, "இன்னும் கொஞ்சம் குறையுங்கள்" என்றாள். குறைத்தேன்.